கடன்களை மன்னியும்

போன ஞாயிறு எங்கள் சபையில் உறுப்புதானம் பற்றிப் பிரசங்கம். சிலுவையில் உடலையே கொடுத்தவரின் பிள்ளைகள் ஒரு கிட்னியைக் கொடுக்கத் தயங்கலாமா என்று கேட்டார் ஐயர். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எங்க தெரு அக்கா முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார். அவரிடம் இருப்பது ஒண்ணுதான். இன்னொன்றை வட்டிக்காரனுக்காக எப்பவோ வித்தாச்சு.

உறுப்புதானத்தை அன்றாட வாழ்வின் வீரச்செயலாகப் போற்றியது போப் இரண்டாம் ஜான் பாலின் 1995 சுற்றுமடல். உறுப்பை வணிகமாக்குவது மனித மாண்புக்கு எதிரானது என்று 2000இல் ரோமில் மருத்துவர்களிடமும் அவர் பேசினார். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தால் புண்ணியம், விற்றால் பாவம் என்பதோடு சபையின் அறவியல் முடிந்துபோகிறது. விற்றவள் ஏன் விற்றாள்?

1994 சட்டம் விற்பனையைத் தடை செய்தது. அதே சட்டம், உறவல்லாதவரும் 'அன்பு, பற்று' காரணமாகக் குழுவின் அனுமதியோடு கொடுக்கலாம் என்றது. முன்பின் பார்த்திராத பணக்காரர் மேல் சேரிப் பெண்ணுக்குத் திடீர்னு அன்பு பொங்குது! நம் சுவிசேஷத்தின் சொல்லை எழுதித்தான் புரோக்கர் பாரம் நிரப்புகிறான்.

சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் விசாரித்த ஆய்வொன்று 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 96 சதம் பேர் கடனடைக்கவே விற்றிருக்கிறார்கள். அப்படி விற்றவர்களில் 74 சதம் பேருக்கு அப்புறமும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வயிற்றைக் கிழித்தவளால் சித்தாள் வேலைக்குப் போக முடியுமா? இது பழங்கதையும் இல்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனை அம்பலமானது. அங்கேயும் கடன்தான்.

தோழர்களே, கர்த்தரின் ஜெபத்தை நினைத்துப் பாருங்கள். எங்க பாட்டி சொன்ன பழைய வேதாகமத்தில் 'கடன்' என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் கடன்தான். 1995இன் பொது மொழிபெயர்ப்பில் அது 'குற்றம்' ஆகிவிட்டது. கடன்பட்டவள் குற்றவாளியானது இப்படித்தானோ என்று எனக்குத் தோன்றும்.

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் கேட்டேன். "அது பொருளாதாரப் பிரச்சினை தம்பி" என்றார். சபைக்குக் கடை வாடகை வருது, பாங்கியில் வைப்புநிதி இருக்குது. வட்டியில்லாமல் ஒரு கைமாற்று நிதி தொடங்க அது போதும். அடுத்த சேகரக் கமிட்டியில் இதைக் கேட்கப் போகிறோம். அக்காவும் வர்றதாச் சொல்லியிருக்காங்க.