நாள் குறிப்பது நம் வேலையல்ல

2025 செப்டம்பர் மாதத்தில் ஒரே காணொளி பலருடைய கையிலிருந்து என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. செப்டம்பர் 23 அல்லது 24ஆம் தேதி இயேசு கிறிஸ்து வருகிறார், விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் அதில் அறிவித்திருந்தார். உலகம் முழுவதும் பரவிய அந்த அறிவிப்பு பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களையும் விட்டுவைக்கவில்லை. அனுப்பியவர்களில் சிலர் உண்மையாகவே கலங்கிப் போயிருந்தார்கள். வயதான ஒரு அம்மா, பேரப்பிள்ளைகள் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லையே, அவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டார். அந்த இரண்டு நாட்களும் வந்தன, போயின. ஆனால் அந்த அம்மாவின் மனத்தில் விதைத்த பயத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைப் பெத்லகேமை நினைக்கும் நாட்களாகவே பலர் எண்ணுகிறோம். ஆனால் திருச்சபை அந்தக் காலத்தைத் தொடங்குவது மாட்டுத் தொழுவத்திலிருந்து அல்ல. கிறிஸ்து மீண்டும் வருவார் என்ற நம்பிக்கையிலிருந்து. அந்த முதல் ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களிலும், பொது வாசிப்பு அட்டவணையைப் பின்பற்றும் சீர்திருத்தச் சபைகளிலும் வாசிக்கப்படுவது மத்தேயு 24ஆம் அதிகாரம். நோவாவின் நாட்களில் மக்கள் உண்டும் குடித்தும் பெண்கொண்டும் கொடுத்தும் இருந்தபோது வெள்ளம் வந்ததை இயேசு நினைவூட்டும் பகுதி அது.

வேதம் இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசும் இடங்களைச் சேர்த்துப் படித்தால் மூன்று செய்திகள் ஐயமின்றித் தெரிகின்றன.

முதலாவது, அவர் வருவார். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில், பரமேறிச் சென்ற இயேசுவை அண்ணாந்து பார்த்து நின்ற சீடர்களிடம், போனவரே திரும்ப வருவார் என்று வெண்ணுடை தரித்த இருவர் சொல்கிறார்கள். வேறொருவர் அல்ல, ஆணித் தழும்புள்ள அதே இயேசு. கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் லூத்தரன்களும் பெந்தெகொஸ்தே சபையாரும் இதில் ஒன்றுபட்டு நிற்கிறார்கள்.

இரண்டாவது, எப்போது என்பது யாருக்கும் தெரியாது. மத்தேயு 24:36இல் இயேசு இதைத் தெளிவாகச் சொல்கிறார். மாற்கு 13:32 அதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. தூதர்களுக்குத் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும். சீடர்கள் காலத்தைக் கேட்டபோதும் அது உங்களுக்குரியதல்ல என்று மறுத்துவிட்டு, சாட்சிகளாயிருங்கள் என்று வேலையைத்தான் கொடுத்தார்.

மூன்றாவது, அவர் வரும்வரை நமக்கு வேலை இருக்கிறது. மத்தேயு 24இன் இறுதியிலும் 25லும் இயேசு அடுத்தடுத்துச் சொன்னவை இதற்காகத்தான். எசமான் வரத் தாமதிக்கிறான் என்று உடன்வேலைக்காரரை அடித்த ஊழியக்காரன், எண்ணெய் இல்லாமல் தூங்கிய கன்னியர், தாலந்தைப் புதைத்து வைத்தவன், கடைசியில் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் நியாயத்தீர்ப்பு. இவற்றில் ஒருவரிடமாவது தேதி தெரியுமா என்று எசமான் கேட்கவில்லை. என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறார்.

தேதியைத் தேடியவர்களின் வரலாறு நம் ஊரோடும் தொடர்புடையது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். தானியேல் 8ஆம் அதிகாரத்தில் வரும் 2,300 நாட்களை 2,300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843–44 அளவில் கிறிஸ்து வருவார் என்று போதித்தார். அவருடைய இயக்கத்தில் இருந்தவர்கள் பிறகு 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். விளைந்ததை அறுக்காமல் நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு. இரவெல்லாம் காத்திருந்து, விடிந்ததும் அழுதார்கள். அந்த நாளைப் பெரும் ஏமாற்றம் என்றே வரலாறு குறிக்கிறது.

பலர் விசுவாசத்தையே விட்டுவிட்டார்கள். ஒரு சிறு கூட்டம் கலையாமல் நின்று, ஜெபித்து, வேதத்தைத் திரும்பப் படித்தது. அவர்கள்தான் 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். 1844க்கு அவர்கள் தரும் விளக்கத்தை மற்றச் சபைகள் ஏற்பதில்லை. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். சபை அமைந்த மூன்றே ஆண்டுகளில், 1866இல், மிச்சிகனின் பேட்டில் கிரீக் ஊரில் நோயாளிகளுக்காக ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். கிறிஸ்து சீக்கிரம் வருவார் என்று அவர்கள் இன்றும் நம்புகிறார்கள். ஆனால் நாள் குறிப்பதை விட்டு, நோயாளிகளைத் தேடிப் போனார்கள்.

அந்தப் பயணம் பினாங்குக்கும் வந்தது. 1924இல் ஏர்ல் கார்ட்னர் என்ற அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ்டவுனில் ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கியதுதான் இன்று பர்மா சாலையில் நாம் காணும் பினாங்கு அட்வென்டிஸ்ட் மருத்துவமனை. நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அங்கே சிகிச்சைக்குப் போகும் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும், இரண்டாம் வருகைக்காகக் காத்திருக்கும் ஒரு சபை கட்டிய கூரையின் கீழ்தான் படுத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகள் நிற்கும் மருத்துவமனையைக் கட்டியவர்களுக்கு வருகையில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நம்பிக்கைதான் அவர்களைக் கட்ட வைத்தது.

தமிழ்நாட்டிலும் இதே தடத்தைக் காணலாம். நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், 1857இல் மிஷனரிகளைப் பிரிந்து ஒரு சுதேசித் திருச்சபையை அமைத்திருந்தார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்த அந்த மக்களைத் தேடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் வந்தார்கள். 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் அங்கேயே தங்கிப் பணி செய்தார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் அந்த ஊரில் இருக்கிறது.

மற்றொரு தடமும் நம்மவர் நடந்ததே, அது வேதனையானது. 1835இல் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமய்யன் என்ற பெயரில் பிறந்தவர் யுஸ்தூஸ் யோசேப்பு. 1861இல் திருவிதாங்கூரில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானார். மலையாளத்தில் அவர் எழுதிய கீர்த்தனைகளைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் வழியாக எழுந்த எழுப்புதலின் அலை அடுத்த பத்தாண்டில் திருவிதாங்கூரையும் தொட்டது. அந்த எழுப்புதலில் முன்னின்ற யுஸ்தூஸ் யோசேப்பு, 1875இல், இன்னும் ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவரை நம்பிக் கூடிய சபை சிதறியது, பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். அவர் யுயோமயம் என்ற தனி வழியை அமைத்து 1887இல் காலமானார். இத்தனை வரம் பெற்ற ஒரு மனிதரை ஒரு தேதி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. அவருடைய பாடல்கள் நிலைத்தன, அவர் குறித்த நாள் நிலைக்கவில்லை.

தேதி சொல்லாமலே பயமுறுத்துவோரும் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆழிப்பேரலை நம் தீவைத் தாக்கியது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்க வந்த குடும்பங்களை அலை கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு, இது முடிவின் அடையாளம், பாவத்துக்கு வந்த தண்டனை என்றெல்லாம் பேசப்பட்டதை நாம் கேட்டோம். வேதம் அப்படிப் பேச இடம் தரவில்லை. போர்களையும் பஞ்சங்களையும் பூமியதிர்ச்சிகளையும் இயேசு எண்ணிச் சொல்லிவிட்டு, கலங்காதிருங்கள், இது முடிவல்ல என்றுதான் கூறினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை லூக்கா 13இல் படியுங்கள். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் முன்னால் அடையாளம் பேசுவது பிரசங்கம் அல்ல, கொடுமை.

உண்மையில் இந்தப் போதனை துக்கப்படுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. தெசலோனிக்கே பட்டணத்துச் சபையில் சிலர் இறந்துபோனார்கள். கிறிஸ்து வருவதற்குள் செத்துப்போனவர்களின் கதி என்ன என்று மற்றவர்கள் தவித்தார்கள். பவுல் அவர்களுக்கு எழுதினார்: இறந்தவர்கள் பின்தங்கிவிட மாட்டார்கள், முதலில் எழுந்திருப்பவர்கள் அவர்களே, பிறகு எல்லாரும் ஒன்றாகக் கர்த்தரோடு இருப்போம், இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றுங்கள். முதலாம் நிருபம் 4ஆம் அதிகாரத்தின் முடிவு இதுதான். இரகசிய வருகை உண்டா, ஆயிரம் ஆண்டு அரசாட்சி எப்போது என்று சபைகள் இந்தப் பகுதியையும் வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தையும் வைத்து நெடுங்காலமாக வாதிடுகின்றன. பிரதரன் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரில் பலரும் ஒருவிதமாகவும், கத்தோலிக்கரும் லூத்தரன்களும் வேறுவிதமாகவும் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பவுல் எதற்காக எழுதினார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. நவம்பர் 2ஆம் தேதி வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த வரிகள் உரியவை. பேரப்பிள்ளைகளை நினைத்துக் கலங்கிய அந்த அம்மாவுக்கும் நான் அதையே வாசித்துக் காட்டினேன்.

அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் கண்டிக்கவும் செய்கிறார். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், தன் பெயரில் கடிதம் வந்தாலும் அதிராதீர்கள் என்கிறார். வேலை செய்யாமல் அலைந்து திரிந்தவர்களை, அமைதியாக உழைத்துத் தங்கள் சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்கிறார். பொய்யாகப் பரப்பப்படும் செய்தியைப் பற்றிய எச்சரிக்கை, புலனம் வருவதற்குப் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கும் பேதுருவின் இரண்டாம் நிருபம் பதில் தருகிறது. கர்த்தருக்கு ஆயிரம் ஆண்டும் ஒரு நாள்தான். ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று அவர் பொறுத்திருக்கிறார். அந்தப் பொறுமையால்தான் நமக்கு இன்னொரு திருவருகைக் காலம் கிடைத்திருக்கிறது.

அதை எப்படிச் செலவிடுவது என்பதையும் மத்தேயு 25 சொல்லிவிட்டது. பசித்தவர், தாகமுள்ளவர், அந்நியர், உடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர் என்று ஆறு பேரை இயேசு தன் இடத்தில் நிறுத்துகிறார். ஆறு பேரும் பினாங்கில் இருக்கிறார்கள். அந்நியரைத் தேடிப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போனால் போதும். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பண்டிகை நாளில் யாரும் இல்லாமல் விடுதி அறையில் இருக்கிறார்கள். நோயாளிகள் ரெசிடென்சி சாலை பொது மருத்துவமனையில் பார்வை நேரத்திலும் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். சிறைச்சாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே அன்பான சகோதர சகோதரிகளே, இனி யாராவது ஒரு தேதியை அனுப்பினால் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். மத்தேயு 24:36ஐ எடுத்துப் பதிலாக அனுப்புங்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் முன், அந்த ஆறு பேரில் ஒருவரைப் போய்ப் பாருங்கள். கிறிஸ்து எந்த நாளில் வந்தாலும் நம்மிடம் கேட்கப்போவது அவர்களைப் பற்றித்தான்.