வேலையைப் பார், வேஷத்தைப் பார்க்காதே!

குற்றாலத்தில் சாரல் கட்டி, சிற்றாற்றில் வெள்ளம் இறங்கும்போது தென்காசி வட்டாரத்துக் குளங்களுக்குப் பரீட்சை வருகிறது. வண்டலை ஒழுங்காகத் தோண்டிய குளத்தில் தண்ணீர் நிற்கும். கரையைப் பலப்படுத்தாத குளம் உடைப்பெடுக்கும். கோடையில் அங்கே நடந்தது வேலையா, வெறும் நடிப்பா என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். விவசாயத் தொழிலாளிக்குத் தெரிந்த இந்தச் சின்ன உண்மை டில்லி சர்க்காருக்குத் தெரியவில்லை.

2005-ல் இடதுசாரிகளின் வற்புறுத்தலோடு நிறைவேறியது நூறு நாள் வேலைச் சட்டம். தோண்டிய மண்ணை அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, அதன்படி கூலி போடுவது அதன் முறை. அது போதாதென்று காமிரா வந்தது. 2022 மே மாதம் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களிலும், 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பொது வேலைகளிலும், தினம் இரண்டு முறை செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றுவது கட்டாயமாயிற்று. குழி எவ்வளவு ஆழம் என்று அந்தப் போட்டோ கேட்கவில்லை. முகம் தெரிகிறதா என்றே கேட்டது. மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால், வெட்டிய மண் கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் ஆப்சென்ட்!

பலன் என்ன? சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்தவையும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. பரிகாரம்? ஏறிய படங்களை ஊராட்சியில் ஒன்று விடாமல் சரிபார்க்க வேண்டுமாம்! மண்ணை அளக்க ஆளில்லை; போட்டோவை எண்ண ஆளுண்டு. வேஷத்தைக் கேட்டவனுக்கு வேஷம்தானே கிடைக்கும்?

ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. நல்ல பஞ்சு போட்டு, ரிங் பிரேமைச் சரியாகப் பராமரித்தால் இழை அதிகம் அறாது. தொழிலாளி நிதானமாகச் சுற்றிக் கண்காணிப்பார். மட்டப் பஞ்சு போட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததைப் பிணைக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிறவரைத்தான் முதலாளி மெச்சுகிறான். நிதானமாக நிற்பவருக்கு இன்னொரு சைடைத் தலையில் கட்டுகிறான்! அமெரிக்க எஞ்சினியர் டெய்லர் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் பிடித்து அளந்தார். அது மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்கும் முறை என்று 1914-லேயே லெனின் கண்டித்தார். கூலி கொடுத்ததும் ஆளையே விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுகிறவனுக்கு, விளைந்த வேலை கண்ணில் படாது. உடம்பு ஆடுவதுதான் படும்.

நிமிஷக் கணக்குப் பார்த்த இந்தச் சர்க்கார் கூலியை எப்படிக் கொடுத்தது? 15 நாளில் கூலி என்றது 2005-ம் வருஷச் சட்டம். ஆனால் 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி நிற்பதாக 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. பாக்கி வைத்தவரை எந்தக் காமிரா படம் பிடித்தது?

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை அகற்றிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 125 நாள் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். ஆனால் கைரேகைப் பதிவும் தொழில்நுட்பக் கண்காணிப்பும் அதிலும் உண்டு.

நாம் சோம்பலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. வராத ஆளுக்கு வருகை எழுதுகிறவனைத் தண்டியுங்கள். அவனைப் பிடிக்க வழி இருக்கிறது: கணக்கைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள், குளக்கரையில் ஜனங்கள் முன்னால் நாடா பிடித்து அளவுங்கள்.

நமது கோரிக்கை நேரானது. போட்டோ ஏறவில்லை என்று ஒருவருடைய கூலியையும் வெட்டக்கூடாது. செய்த வேலையை அளந்து, காலத்தில் முழுக் கூலி கொடுக்க வேண்டும். ஆலையில் ஆள் குறைப்புக்குக் கடிகாரத்தைச் சாக்காக்கக்கூடாது.

மண்வெட்டி பிடித்த கையும் இழை பிணைத்த கையும் ஒன்று சேரட்டும். கிராம சபையிலும் ஆலை வாசலிலும் இந்தக் குரல் எழட்டும்!