மூளையின் பூட்டும் கள்ளத் திறப்பும்

"கஞ்சா எங்கட மூளையிலேயே ஊறுது மச்சான், பிறகு அடிச்சா என்ன பிழை?" இந்த வசனத்தைக் கம்பஸ் பக்கம் கேட்காதவர்கள் குறைவு. விஞ்ஞானம் சொல்லுதாம்! விஞ்ஞானம் சொன்னது வேறு.

முதலில் இந்தப் பேர் வந்த கதை. கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி என்ற சேர்வையை 1964இல் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டுகிற வாங்கிகள் மூளையில் இருப்பது பிறகுதான் தெரிய வந்தது. கஞ்சாவுக்காகவா மூளை வாங்கி வளர்த்து வைத்திருக்கும்? அந்தக் கேள்வியோடு தேடியபோது, 1992இல் ஜெரூசலத்தில் மெக்கூலமின் ஆய்வுக்குழு பன்றி மூளையில் இருந்து ஒரு சேர்வையைக் கண்டெடுத்தது. 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைட் என்று பேர் வைத்தார்கள். செடியை முதல் படித்ததால்தான் உடம்பின் சொந்தச் சேர்வைகளுக்கும் 'கன்னபினொயிட்' என்ற பேர் வந்தது. பூட்டும் எங்கட, திறப்பும் எங்கட. கஞ்சா அந்தப் பூட்டுக்குத் தற்செயலாகப் பொருந்திய கள்ளத் திறப்பு.

இரண்டும் செய்கிற வேலையும் ஒன்றல்ல. ஒரு நரம்புக்கலத்துக்குச் சைகை அளவுக்கு மிஞ்சி வந்தால், அது அந்த இடத்திலேயே கன்னபினொயிட்டைச் செய்து, சைகை அனுப்பின கலத்துக்கே திருப்பி அனுப்பும். "போதும், மெதுவா" என்ற மாதிரி ஒரு பிரேக். வேலை முடிய நொதியங்கள் அதை உடனே உடைத்துவிடும். பயம் தணிவது, ஞாபகம் பதிவது, பசி எல்லாவற்றிலும் இந்தப் பிரேக்குக்குப் பங்கு உண்டு. டிஎச்சி இடம் பார்க்காது. மூளை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் நிற்கும். ஞாபகம் பதிகிற பகுதியில் இந்த வாங்கிகள் நிறைய. சோதனைக்கு முதல் நாள் 'மைண்ட் ஃப்ரீயா இருக்க' ஒண்டு இழுக்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

இந்த ஒழுங்கைச் சீண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு குளிசையே சாட்சி. இந்த வாங்கியை அடைத்தால் பசி குறையும் என்ற கணக்கில் வந்த ரிமொனபான்ட், 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஆட்கள் மெலிந்தார்கள்தான். ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் சேர்ந்து வந்தன. உளநலச் சிக்கல் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டு 2008இல் விற்பனையை நிறுத்தினார்கள்.

"அடைச்சாத் துக்கம் எண்டா, நிரப்பினாச் சந்தோசம்தானே?" என்று உடனே கேட்பார்கள். மூளை ஊத்த ஊத்த நிரம்புற தண்ணித் தாங்கி இல்லை. நாளாந்தம் கஞ்சா புகைக்கிறவர்களின் மூளையை ஸ்கான் செய்து பார்த்தபோது, சில பகுதிகளில் இந்த வாங்கிகள் குறைந்திருந்தன. ஏறத்தாழ 4 வாரம் நிறுத்திய பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்பின. அதாவது, கள்ளத் திறப்பைப் போட்டுக்கொண்டே இருந்தால் மூளை பூட்டைக் கழற்றி வைக்கத் தொடங்குகிறது.

மறுபக்கம், ஒருக்கால் தொட்டாலே விசர் பிடிக்கும் என்று மேடையில் வெருட்டுகிறவர்களும் உண்மை பேசவில்லை. கஞ்சாச் செடியின் இன்னொரு சேர்வையான சிபிடியில் செய்த மருந்தை, சில கடும் வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. இதை மறைத்தால், போனில் தேடிக் கண்டுபிடிக்கிற பெடியள் நீங்கள் சொல்கிற மிச்சத்தையும் நம்பமாட்டார்கள்.

நித்திரை இல்லாமல், வீட்டுக் கடனையும் சோதனையையும் நினைத்து உழலுகிற ஒருத்தனிட்ட "இது இயற்கை மச்சான்" என்று நீட்டுவது நட்பில்லை. என்ன நடந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் அந்த வசனம் அவன்ட வாயை அடைக்குது. இருந்து கேளுங்கோ. வைத்தியரிட்டப் போகத் துணை வேணுமெண்டாக் கூடப் போங்கோ.