சிவப்புக் கோடும் அண்ணனின் கைப்பேசியும்

மாலை ஐந்தரை மணிக்குப் புத்தூர் நால்ரோடு வரைபடத்தில் சிவந்துவிடும். எங்கள் துறையில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்த பிறகுதான் கிளம்புவார்கள். 2022 இறுதியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, திருவரங்கத்திலிருந்து வரும் எனக்கும் அந்த வரைபடம்தான் துணை. நன்றி மறக்கவில்லை.

அந்தச் சிவப்பைப் போடுவது யார்? நெரிசலில் நிற்கிற நம் கைப்பேசிகள்தாம். 2020இல் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட் ஒரு காணொளி வெளியிட்டார். 99 கைப்பேசிகளைச் சிறு வண்டியில் போட்டு, காலித் தெருவில் இழுத்து நடக்கிறார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு சிவக்கிறது.

ஓய்வறையில் இதைச் சொன்னேன். "இருக்கட்டுமே மேடம், நாம என்ன திருட்டா பண்றோம் மறைக்கிறதுக்கு?" என்றார் ஒரு தோழி. விளம்பரத்துக்காக ஜிமெயில் நம் கடிதங்களை அலசியதையும், 2017இல் அதைக் கைவிடுவதாக அறிவித்ததையும் சொன்னேன். "மெஷின்தானே படிச்சுது, மனுஷனா படிச்சான்?" என்றார் ஓர் ஆண் பேராசிரியர்.

அவருக்கு வேவு என்றால் கடல் கடந்த நிறுவனம். பெண்ணுக்கு வேவு பார்ப்பவர் பக்கத்து அறையில் இருக்கிறார். மனிதன்தான் படிக்கிறான், ஐயா.

என் முதுகலை மாணவி ஒருத்தி. அவளுடைய மின்னஞ்சல் கணக்கு, பிளஸ் டூ முடித்ததும் அண்ணன் திறந்து கொடுத்தது. கடவுச்சொல் அவனிடம். மீட்பு எண்ணும் அவனுடையது. கைப்பேசி வாங்கித் தந்த அன்றே இருப்பிடப் பகிர்வையும் போட்டுக் கொடுத்தான், 'நிறுத்தும்வரை' என்ற தெரிவில். உங்கள் இருப்பிடத்தை இன்னார் பார்க்கிறார் என்று கூகுள் அவ்வப்போது மின்னஞ்சலில் நினைவூட்டும். அந்த மடல் எந்தப் பெட்டிக்கு வரும்? அண்ணன் திறக்கும் பெட்டிக்கு.

வெளியூரில் ஆய்வுப் படிப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் அழைப்பு வந்தது. நேர்காணல் நாள் கடந்து பத்து நாள் கழித்து, அழித்த மடல்களுக்கிடையே அதைக் கண்டாள். "விளம்பரம்னு நெனச்சு அழிச்சுட்டேன்" என்றானாம். உய்யக்கொண்டான் பாலத்தருகே பேருந்துக்கு நின்றபடி இதை என்னிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது: "ஏன் அங்கயே நிக்கிற?"

சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிடுகிறது. குற்றவியல் சட்டம் உள்ளே வருகிறது. பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. கணவன், அண்ணன் என்று அதில் விலக்கு இல்லை. ஆனால் 'சூழ்நிலையில் நியாயமானது' என்றால் விலக்கு உண்டு. நம் வீடுகளில் அண்ணனின் அக்கறை என்றைக்கு நியாயமற்றதாக இருந்திருக்கிறது?

2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அழைப்புப் பதிவுகளைச் சான்றாக ஏற்க மறுத்தது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையரின் பேச்சை ரகசியமாகப் பதிவுசெய்திருந்தாலும் சான்றாக ஏற்கலாம் என்றது. வேவு பார்க்கும் நிலை வந்தாலே அந்த மணவாழ்வு முறிந்துவிட்டது என்பது அதன் வாதம். இங்கே முறிந்த பிறகா வேவு தொடங்குகிறது? கைப்பேசி வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது.

"பாதுகாப்புக்காகத்தானே?" என்பார்கள். இரவுப் பேருந்தில் ஏறுகிறவள் தோழிக்கு ஒரு மணி நேரம் இருப்பிடம் அனுப்பினால் அது பாதுகாப்பு. யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதை அவள் முடிவு செய்கிறாள். மற்றதற்கெல்லாம் ஒரே கேள்வி போதும்: அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிகிறதா?

நானும் யோக்கியம் இல்லை. சென்னைக்குப் படிக்கப் போன மகளிடம் இருப்பிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்துக்கு அனுப்பினாள். "முடிஞ்சதும் தானா நின்னுடும்மா. அப்புறம் கேக்காத." கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று.

முதலாண்டு வகுப்பில் பாடம் தொடங்குமுன், ஒவ்வொரு மாணவியும் தன் பெயரில், தனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லோடு ஒரு மின்னஞ்சல் கணக்கு திறக்கட்டும். சிம் கார்டு அப்பா பெயரில் இருக்கும், அதையும் பேசுவோம். கல்லூரி தரும் தகவல்கள் அவளுக்கே போகட்டும், அண்ணன் எண்ணுக்கு அல்ல.

அந்த மாணவி எங்கள் துறைக் கணினியில் புதுக் கணக்கு திறந்தாள். முதல் மடலை எனக்கு அனுப்பினாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.