தோற்ற ஆட்டத்தைத் தொலைக்கும் வீரர்கள்

ஞாயிற்றுக்கிழமை செஸ் டோர்னமெண்ட் நடக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வராண்டாவில், ஒரு ரவுண்ட் முடிந்ததும் பத்து நிமிடம் நின்றால் போதும்.

"ஜெயிச்ச கேம்டா, டைம் இல்லாம விட்டுட்டேன்."

"ஒரே ஒரு மூவ்தான் தப்பு."

"அவனுக்கு லக்குடா."

ஆக, தோற்றவர்கள் யாருமே தோற்கவில்லை! ஸ்கோர் ஷீட் நாலாக மடிந்து பாக்கெட்டுக்குள் போகிறது. அடுத்த நாள் சட்டையோடு சேர்த்து அதையும் துவைத்துவிடுகிறார்கள். கதை முடிந்தது.

இன்னொரு கூட்டம் ஆன்லைனில். தோற்றதும் கம்ப்யூட்டரைக் கேட்கும். அது 23-வது நகர்த்தலில் சிவப்புக் குறி போட்டுக் காட்டும். "ஓ, அங்கேயா!" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டம். இதற்குப் பெயர் படிப்பா? விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குத் தெரியும் என்பது போலத்தான் இது. எந்த நகர்த்தல் தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஏன் அப்படி ஆடினான் என்று அதற்கு எப்படித் தெரியும்? எதிராளியின் குதிரையைப் பார்க்கவே இல்லையா? பார்த்தும் அலட்சியமா? ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பா? மூன்றும் மூன்று வியாதி. மருந்தும் வேறு வேறு.

"சாம்பியன்களே தப்பு செய்கிறார்கள், நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்பது அடுத்த சமாதானம். செய்கிறார்கள்தான். 2006-ல் பான் நகரில் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரே நகர்த்தலில் வரவிருந்த மேட்டைக் கவனிக்காமல் விட்டார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், டிராவாக வேண்டிய 14-வது ஆட்டத்தில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானையும் பிஷப்பும் வெட்டுப்பட, ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் உலக சாம்பியன் ஆனார். ஆனால் குகேஷே அதை உடனே கவனிக்கவில்லை. வேறு நகர்த்தலுக்குத் தயாராகிவிட்டு, பிறகுதான் பார்த்தார். நிதானித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவனுக்கு அந்த வாய்ப்பு வந்ததே தெரியாமல் போயிருக்கும். பார்க்க வேண்டியது டிங் செய்த தப்பை மட்டுமல்ல, குகேஷ் நிதானித்த அந்தச் சில நொடிகளையும்தான்.

போட்வின்னிக் 1957-ல் ஸ்மிஸ்லோவிடமும் 1960-ல் தாலிடமும் பட்டத்தை இழந்தார். இரண்டு முறையும் அடுத்த வருடமே மீட்டார். தன் ஆட்டங்களைத் தானே அலசி, மற்றவர்கள் குறை சொல்லும்படி அச்சில் வெளியிட வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன வழி. கம்ப்யூட்டரைத் திறக்குமுன் என்ன நினைத்து ஆடினோம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எழுதிப் பார்க்க, ஒரு நோட்டும் பேனாவும் போதாதா?

ஜெயித்த ஆட்டத்துக்கும் இது பொருந்தும். எதிராளி கோட்டைவிட்டதால் வந்த வெற்றிகள் எத்தனை! லாபம் வந்த வருடம் கணக்கே பார்க்காத கடைக்காரர், நஷ்டம் வரும்போது எங்கே ஓட்டை என்று தெரியாமல்தான் முழிப்பார்.

தோற்பதில் கேவலம் எதுவும் இல்லை. ஒரே தோல்வியை ஐம்பது முறை தோற்பதுதான் கேவலம்.