பதின்மூன்று கிழமை போதும்

ஒரு நிகழ்ச்சி சீக்கிரம் நின்றுவிட்டால் அது எடுபடவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நடிகர் ஆமிர் கான் நடத்திய ‘சத்யமேவ ஜெயதே’ என்ற பேச்சு நிகழ்ச்சியைப் பற்றியும் அப்படிப் பேசுவோர் உண்டு. 2012 மே 6, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணிக்கு, ஸ்டார் குழும அலைவரிசைகளிலும் தூர்தர்ஷனிலும் ஒரே நேரத்தில் அது தொடங்கியது. தமிழில் விஜய் டிவியில் வந்ததால், தமிழ்நாட்டு அலைவரிசைகள் எட்டும் யாழ்ப்பாண வீடுகளிலும் பார்க்கக் கிடைத்தது. முதற் பருவம் 13 கிழமை. 2014 மார்ச்சில் ஒரு சிறு தொடர், ஒக்டோபரில் இன்னொன்று, அத்தோடு சரி. பேச்சு நிகழ்ச்சி என்றால் இவ்வளவுதான் ஓட வேண்டும் என்பது என் கட்சி.

நாள்தோறும் ஓடும் பேச்சு நிகழ்ச்சிக்கு நாள்தோறும் ஒரு குடும்பம் வேண்டும். நேற்று வந்தவரை விட இன்று வருபவர் கொஞ்சம் கூடுதலாக அழ வேண்டும், அல்லது அடிக்கக் கை ஓங்க வேண்டும். 2011இல் ஜீ தமிழில் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் ஓடியது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு வெகு முன்னரே, நடுவராக இருந்தவரின் பேச்சு சினிமாவிலும் கலியாண வீட்டிலும் பகிடியாகிவிட்டிருந்தது. அழுதவர்களைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. பிரித்தானியாவில் ஜெரமி கைலின் காலை நிகழ்ச்சி 2005 முதல் 14 ஆண்டுகள் ஓடியது. பதிவுக்கு வந்துபோன ஒருவர் சில நாட்களில் இறந்த பிறகே, 2019 மே மாதத்தில், ஐரிவி அதை நிறுத்தியது. இவை தனிமனிதத் தவறுகள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆளனுப்பி ஆள் பிடித்து நாளாந்த ஒளிபரப்பை நிரப்பும் எந்த நிறுவனமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

பதின்மூன்று கிழமைதான் என்று முன்கூட்டியே தெரிந்தால் வேலை மாறுகிறது. கிழமைக்கு ஒரு விடயத்தை எடுத்து, விபரம் திரட்டி, பாதிக்கப்பட்டவரையும் வைத்தியரையும் சட்டத்தரணியையும் ஒரே மேடையில் இருத்த அவகாசம் கிடைக்கிறது. பெண் சிசுக் கருக்கலைப்பைப் பற்றிய முதல் நிகழ்ச்சிக்குப் பின்னர் ராஜஸ்தான் முதலமைச்சராக இருந்த அசோக் கெலாட், அந்த வழக்குகளுக்கு விரைவு நீதிமன்றம் அமைக்க முன்வந்தார். மருத்துவத்துறை பற்றிய நிகழ்ச்சிக்கு இந்திய மருத்துவச் சங்கம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது, ஆமிர் மறுத்தார். கோபப்பட்டது ஒரு தொழில்துறை, அவமானப்பட்ட ஒரு மனைவியோ மாமியாரோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். சென்னையில் படம்பிடித்த குடும்பச் சண்டையை இங்கே இருந்து பார்ப்பது சுகம், ஏனென்றால் அவர்கள் நமக்கு யாரோ. அதே கதிரையில் அச்சுவேலிப் பெண் ஒருத்தி இருந்தால், முகத்தை மங்கலாக்கினாலும் குரலை வைத்தே எந்த ஒழுங்கை, யாருடைய மகள் என்று மறுநாள் காலையிலேயே சந்தையில் சொல்லிவிடுவார்கள். நுண்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். நாளாந்த நிகழ்ச்சி கடன்பட்ட பெண்ணிடம் கேட்கும் முதற் கேள்வி, கடனைப் புருஷனுக்கு ஏன் மறைத்தாய் என்பதாக இருக்கும். கேட்க வேண்டியது வேறு. ஒரு இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 20 வீத வட்டி என்று சொல்லி, முழுத்தொகைக்கும் வட்டி போட்டுக் கிழமைக் கிழமை அறவிடுகிறார்கள். முதல் குறைந்துகொண்டே போகிறது, வட்டி குறைவதில்லை. கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 35 வீதத்தைத் தாண்டும். ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் பொறுப்பு. அயலட்டை உறவே பிணையாகிவிடுகிறது. 2016இல் இலங்கையில் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒரு மணி நேரம் பேசலாமே.

நாளாந்த நிகழ்ச்சிகளால் ஏழைப் பெண்களுக்குப் பொலிஸ் கவனமாவது கிடைத்தது, சில குற்றங்கள் வெளிவந்தன என்பார்கள். பொய்யில்லை. ஆனால் நம் நாட்டில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சிறு பிணக்குகளைக் கமரா இல்லாமலே பேசித் தீர்க்கின்றன. அவற்றால் ஆகாதவற்றுக்கு நீதிமன்றம் இருக்கிறது. இவை மந்தமாக இயங்குகின்றன என்றால் அதையே ஒரு கிழமைக்குரிய விடயமாக்க வேண்டும். ஆமிரின் நிகழ்ச்சியிலும் நட்சத்திரக் கவர்ச்சி, விளம்பரதாரர், அளவுக்கு மிஞ்சிய கண்ணீர் எல்லாம் இருந்தன என்ற குறையும் சரிதான். பல காலம் களத்தில் நின்றவர்களுக்குச் சேர வேண்டிய பெயரை ஒரு நடிகர் வாங்கிக்கொண்டார். அந்தக் குறைகள் நட்சத்திரத்தோடு வந்தவை. நட்சத்திரத்தை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இயங்கும் தமிழ்த் தொலைக்காட்சிகளுக்குக் காசு இல்லை என்பது கடைசி மறுப்பு. உண்மையில் அவர்களுக்குக் கட்டுப்படியாகாதது ஆண்டுக்கு முந்நூறு நிகழ்ச்சிதான். வலிகாமத்துக் கிணறுகளில் ஏறும் நைத்திரேற்று, தோட்டத்தில் அளவில்லாமல் அடிக்கும் மருந்து, சுன்னாகத்துக் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் கலந்ததில் தொடங்கி 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது வரையான கதை என்று விடயங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. பேசுவதற்குப் பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், தோட்டக்காரர் இருக்கிறார்கள். பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், எல்லா அலைவரிசைகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒளிபரப்பட்டும். முதற் கிழமைக்கு நுண்கடனை எடுங்கள். கடன் கொடுத்தவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்.