டிராக்டர் மானிகளை எவ்வளவு நம்பலாம்?

விருதுநகர் ஜில்லா, திருச்சுழி தாலூகாவில் வீரசோழனைச் சூழ்ந்த மானாவாரிக் கிராமங்களில் விதைப்புக் காலம் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்ததாகும். மண் பதமாயிருக்கும் சில நாட்களுக்குள் உழவு முடியாவிடில் அவ்வருஷத்துச் சாகுபடி கெடும். 1959இல் ஃபரீதாபாத்திலும், பின்னர் சென்னையிலும் டிராக்டர்கள் செய்யப்படலாயின. அதுமுதல் ஏர்மாடுகள் படிப்படியாகக் குறைந்து, உழவுக்கு எஞ்சினே ஆதாரமாகிவிட்டது. ஆகையால், ஓட்டுபவர் முன்னுள்ள மானிகள் எஞ்சினின் மெய்ந்நிலையை எவ்வளவு தூரம் காட்டுகின்றன என்பதை நிலச்சுவான்தார்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது உஷ்ணமானி. இது எஞ்சின் உலோகத்தின் சூட்டை அளப்பதன்று. அதனைச் சுற்றியோடும் தண்ணீரின் சூட்டை, அதுவும் உணர்கருவி பொருத்தப்பட்ட ஓரிடத்தில் மட்டுமே அளப்பது. ரேடியேட்டர் குழாய் கிழிந்து தண்ணீர் வெளியேறிவிட்டால் உணர்கருவி நீரில் மூழ்காது நிற்கும். அப்பொழுது உள்ளே உலோகம் காய்ந்து தீய்ந்துகொண்டிருக்க, முள் இறங்கிக் குளிர்ச்சியைக் காட்டுதலும் உண்டு. மின்சார மானிகள் பெரும்பாலானவற்றில் கம்பி அறுந்தாலும் முள் குளிர்ப்பக்கத்திலேயே கிடக்கும். அன்றியும், உவர்க்கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதால் நீர்ப்பாதைகளில் சுண்ணாம்புப் படிவு ஏற்படுகிறது. அது சூடு நீருக்குச் செல்வதைத் தடுக்கும். நீர் அளவான சூட்டிலிருக்க, உலோகம் வரம்பு மீறிக் காயும்.

இரண்டாவது எண்ணெய் மானி. இது எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுமேயன்றி, அதன் அளவையும் தூய்மையையும் காட்டாது. எண்ணெய் குறைந்திருந்தாலும், பம்பின் வாய் எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை முள் சரியாகவே நிற்கும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில், அழுத்தம் பெரிதும் குறைந்த பின்னரே அவ்விளக்கு எரியும். அதற்குள் பேரிங்குகள் தேய்ந்திருக்கக் கூடும்.

மூன்றாவது மணிமானி. பழைய டிராக்டர்களில் இது கடிகாரமன்று. எஞ்சினின் சுற்றுக்களையே எண்ணுவது. நிமிஷத்திற்கு 1,500 சுற்றுக்கு அமைந்த மானி, 1,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் 40 நிமிஷமே காட்டும். எண்ணெய் மாற்றுவதற்கு இக்கணக்குத் தக்கதே. ஆனால் மணிக்கணக்கில் வாடகை பேசுவோர், கடிகாரமா மானியா என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டால் களத்துமேட்டில் வழக்கு எழாது.

இவற்றைக் கொண்டு, மானிகளால் பயனில்லையென்று சிலர் கூறுவர். பழுதான மானியைப் பழுது பாராமலே வருஷக்கணக்கில் வண்டியோட்டுவர். இது தவறான முடிவாகும். முள் அபாயத்தைக் காட்டுமாயின் அதனை நம்பி உடனே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். பின்னர் ஆராய்ந்து மானியே பிழையெனக் கண்டாலும், நஷ்டம் அரைமணி நேரமே. ஆனால் முள் அமைதியாயிருப்பது எஞ்சின் நலமாயிருப்பதற்குப் போதிய சான்றாகாது. எச்சரிக்கையை நம்புவதும், அமைதியைச் சோதிப்பதுமே விவேகம்.

அச்சோதனை பெரிய வேலையன்று. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தையும், அளவுகோலை இழுத்து எண்ணெயையும் பார்க்கவேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறத்தல் கொதிநீர் சீறி உடலைச் சுடும் அபாயமுடையது. சாவியைத் திருப்பியவுடன் எண்ணெய் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். முதலில் எரியாத விளக்கு, ஆபத்திலும் எரியாது. விசிறிப் பட்டையின் இறுக்கத்தைப் பார்த்து, ரேடியேட்டரில் அடைந்த கரிசல் புழுதியையும் சருகையும் ஊதி நீக்கவேண்டும். உவர்நீரை விலக்கி, தயாரிப்பாளர் குறித்த குளிர்திரவத்தையோ, அது கிடையாதபோது நன்னீரையோ ஊற்றுதல் நலம்.

கூலிக்கு ஓட்டுபவர் ஏக்கர்க் கணக்கில் ஊதியம் பெறுவராயின், இடையில் வண்டியை நிறுத்த அவருக்கு மனம் வருவது அரிது. ஆகவே இச்சோதனைக்குரிய பத்து நிமிஷத்தையும் வேலைநேரமாகக் கணக்கிட்டு ஊதியம் அளிப்பது உடையவரின் பொறுப்பாகும். கிராம அதிகாரிகளும் உழவுப் பருவம் தொடங்குமுன் விவசாயிகளுக்கு இதனை எடுத்துரைப்பார்களாயின், மழை பெய்த வாரத்தில் பட்டறை வாசலில் காத்துக் கிடக்கும் டிராக்டர்கள் குறையும்.